பாலிக் புலாவ் ஏற்றமும் 50 மில்லிமீட்டர் த்ரோட்டல் பாடியும்

கேள்வி: பிறையில் வசிக்கிறேன். 2008-ஆம் ஆண்டு பெரோடுவா மைவி 1.3, மேனுவல் கியர், 190,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரக் கடைசியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பாலிக் புலாவில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு ஜாலான் துன் சார்டோன் வழியாகப் போவோம். ஏர்கோன் போட்டிருந்தால் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் காடி இழுக்கவே மாட்டேன் என்கிறது. பெரிய த்ரோட்டல் பாடி, 50 மில்லிமீட்டர், மாட்டினால் 10 குதிரைத்திறன் கூடும், எண்ணெயும் மிச்சமாகும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். சாமானும் கூலியும் சேர்த்து 450 வெள்ளி. மாட்டலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தம்பியின் 2018 மைவிக்கு ‘த்ரோட்டல் கண்ட்ரோலர்’ என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். அதில் பலன் உண்டா?

பதில்: மாட்ட வேண்டாம். 450 வெள்ளி பையிலேயே இருக்கட்டும், அதற்கு வேறு வேலை வரக்கூடும். த்ரோட்டல் பாடி எந்தக் காடிக்கும் உதவாது என்று சொல்லவில்லை. உங்கள் என்ஜினை, அந்த மலையில், தடுப்பது அது இல்லை.

த்ரோட்டல் பாடி சக்தியை உண்டாக்குவதில்லை. என்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு வட்டத் தகட்டால் மறித்து வைப்பதுதான் அதன் வேலை. பெடலை முழுதாக மிதித்தால் தகடு நிமிர்ந்து, காற்றின் போக்குக்கு இணையாக நின்றுவிடும். அப்போது அது வெறும் ஒரு சாண்கூட இல்லாத குழாய், நடுவில் ஒரு தண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முழுதாகத் திறந்த நிலையிலும் அந்தக் குழாய் எவ்வளவு காற்றைத் தடுக்கிறது?

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். உங்களுடையது கே3-விஇ என்ஜின், 1298 சிசி. 6000 ஆர்பிஎம்மில் 64 கிலோவாட், அதாவது சுமார் 87 குதிரைத்திறன். டார்க் (முறுக்குவிசை) 3200-இல் 116 நியூட்டன் மீட்டர். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை உறிஞ்சும். 6000 ஆர்பிஎம்மில் சிலிண்டர் 90 விழுக்காடு நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு 3500 லிட்டர், நொடிக்கு 58 லிட்டர் காற்று. த்ரோட்டல் துளை 45 மில்லிமீட்டர், தண்டு 8 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் காடியில் வெர்னியர் வைத்து அளந்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் முடிவு மாறாது. தண்டு மறைப்பது போகப் பரப்பு 12 சதுர சென்டிமீட்டர் சொச்சம். அதில் காற்று நொடிக்கு 47 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்துக்காகச் செலவாகும் அழுத்தம் சுமார் 1.3 கிலோபாஸ்கல். இதே கணக்கை 50 மில்லிமீட்டருக்குப் போட்டால் 0.8 வருகிறது.

மிச்சம் 0.5 கிலோபாஸ்கல். பினாங்குக் கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக என்ஜினுக்குக் கூடுதலாகக் கிடைப்பது அரை விழுக்காடு காற்று. 87-இல் அரை விழுக்காடு என்பது அரைக் குதிரைத்திறனுக்கும் குறைவு. அதுவும் தாராளமாகப் போட்ட கணக்கு. தண்டைத் தாண்டிய பிறகு காற்று மெல்ல விரியும்போது செலவான அழுத்தத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்துவிடுகிறது, அதை நான் கழிக்கவில்லை.

இது 6000 ஆர்பிஎம்மில். நீங்கள் புகார் சொல்வது மூன்றாம் கியரில், 40 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 2000 ஆர்பிஎம்மில். அங்கே காற்றோட்டம் மூன்றில் ஒரு பங்கு. அழுத்த இழப்போ வேகத்தின் வர்க்கத்தில் குறையும், ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அரை விழுக்காடு என்றது இப்போது நூற்றில் அரைக்கால் பங்குக்கும் கீழே. இன்னும் சொன்னால், 2000 ஆர்பிஎம்மில் பாதிப் பெடலிலேயே என்ஜினுக்கு வேண்டிய காற்று முக்கால்வாசிக்கு மேல் கிடைத்துவிடும். அதற்கு மேல் பெடல் மிதிப்பதிலேயே பெரிய வித்தியாசம் தெரியாது, துளையை அகலப்படுத்தி என்ன தெரியப்போகிறது? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிக்கட்டில் கூட்டம் அடைத்து நிற்கும்போது அடிவாரத்து வளைவை இடித்துப் பெரிதாகக் கட்டுகிற கதைதான். படிக்கட்டு இங்கே காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வும், அதற்குப் போகும் வழியான போர்ட்டும், வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டும்.

மாட்டியவர்கள் எல்லாரும் ‘பிக்கப் வந்துவிட்டது’ என்று சத்தியம் செய்கிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தகடு 30 டிகிரி திறந்திருக்கும்போது 45 மில்லிமீட்டர் துளையைவிட 50 மில்லிமீட்டர் துளை சுமார் 23 விழுக்காடு அதிகக் காற்றை விடும். பெடலை அதே அளவு தொட்டாலும் காடி முன்னைவிடச் சுறுசுறுப்பாகப் பாயும். காலுக்கு அது சக்தியாகத் தெரிகிறது. பழைய த்ரோட்டல் பாடியில் பெடலை இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் அதே பாய்ச்சல் கிடைத்திருக்கும். பெடல் தரையைத் தொட்ட பிறகு இரண்டும் ஒன்றுதான். இதற்கு விலையும் உண்டு: காலை நேரத்தில் பினாங்குப் பாலத்து ஜாமில் அங்குலம் அங்குலமாக நகரும்போது முதல் கால்வாசிப் பெடல் வெடுக்கென்று இழுக்கும், பின்சீட்டில் பிள்ளைகள் தலை ஆட்டிக்கொண்டே வருவார்கள்.

எண்ணெய் மிச்சம் என்பதையும் இதோடு முடித்துவிடலாம். ஒரே வேகத்தில் போக ஒரே அளவு காற்றும் எண்ணெயும்தான் தேவை. பெரிய தகடு அதற்குச் சற்றுக் குறைவாகத் திறக்கும், அவ்வளவுதான்.

அந்த 10 குதிரைத்திறனுக்கு டைனோ (காடியை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் இயந்திரம்) தந்த சீட்டைக் காட்டுவார்கள். வாங்கிப் பாருங்கள், மூன்று விஷயத்தைத் தேடுங்கள். மாட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒரே நாளில் ஓட்டினார்களா? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று ஓட்டம் இருக்கிறதா? உள்ளே போகும் காற்றின் வெப்பம் இரண்டிலும் ஒன்றா? ஒரே காடியை எதையும் தொடாமல் அடுத்தடுத்து ஓட்டினாலே டைனோவில் 1, 2 விழுக்காடு ஏறி இறங்கும். முதல் ஓட்டத்தைச் சூடேறிய என்ஜினோடும், பிந்தியதைப் பானெட்டைத் திறந்து ஆறவைத்த பிறகும் எடுத்தால் வித்தியாசம் இன்னும் அழகாக வரும். அரை விழுக்காடு ஆதாயத்தை இந்த ஏற்ற இறக்கத்துக்குள் எந்த டைனோவும் கண்டுபிடித்துத் தராது. துளை அளவே சக்தி என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று: நம் ஈப்போ கரம்ஜிட் சிங் 2002-இல் புரோட்டான் பெர்ட்டில் உலக உற்பத்திக் கார் ராலி பட்டத்தை வென்றபோது, விதிப்படி அந்த இரண்டு லிட்டர் டர்போ என்ஜின் குடித்த காற்று முழுதும் 35 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு வளையத்தின் வழியாகத்தான் போனது. ராலியில் அந்த வளையம் உண்மையிலேயே கழுத்தை நெரிக்கும், அதற்காகவே வைக்கிறார்கள். ஆனால் உங்களுடைய 87 குதிரைத்திறனுக்கு 45 மில்லிமீட்டர் குறுகல் என்று சொல்ல இடமில்லை.

கணக்கை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண வாக்குவம் கேஜ் போதும். த்ரோட்டல் தகட்டுக்குப் பின்னால், மேனிஃபோல்டிலிருந்து வரும் ஒரு மெல்லிய ரப்பர் குழாயில் டி ஜாயின்ட் போட்டு கேஜைச் சேருங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை மட்டும் வெட்டாதீர்கள். என்ஜின் சூடான பின், ஏர்கோன் இல்லாமல், ஐடிலில் முள் 17-க்கும் 21-க்கும் இடையில் ஆடாமல் நிற்க வேண்டும், இது பாதரச அங்குலக் கணக்கு. பிறகு பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஆளில்லாத நேரான சாலையில் இரண்டாம் கியரில் 2500-இலிருந்து பெடலைத் தரையோடு மிதித்து 6000 வரை போங்கள். நெடுஞ்சாலை வரம்பான 110-ஐத் தாண்டாமலே அது முடிந்துவிடும். பாலத்தில் செய்து பார்க்க வேண்டாம், அங்கே 80தான். முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், அல்லது கைபேசியில் படம் பிடிக்கட்டும்.

6000 ஆர்பிஎம்மில் முள் 1 அங்குலத்துக்குள் நின்றால், ஏர் பில்டர், குழாய், த்ரோட்டல் பாடி மூன்றும் சேர்ந்தே 3.4 கிலோபாஸ்கலுக்கு மேல் தடுக்கவில்லை என்று பொருள். மூன்றையும் கழற்றி எறிந்தாலும் அதற்கு மேல் கிடைக்காது. 2 அங்குலத்துக்கு மேல் போனால் முதலில் பில்டரை மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். கைபேசியோடு பேசும் மலிவான ஸ்கேன் அடாப்டரிலும் மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்க்கலாம், ஆனால் இந்த வயது மைவியில் அவை பல நேரம் இணைய மறுக்கும். இணைந்தாலும் மெதுவாகத்தான் எண் மாறும். கேஜ் முள் அப்படிக் கழுத்தறுக்காது.

அளந்த பிறகும் தடுப்பு அதிகமாகவே இருந்தால், சாமான் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு ஏர் குழாயைக் கழற்றி, மனைவியைப் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லிவிட்டு, த்ரோட்டல் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு நேராக நிமிர்ந்து நிற்கிறதா? பதினைந்து வருடத்துக்கு மேலான காடியில் த்ரோட்டல் கேபிள் நீண்டு தளர்ந்திருக்கும். பெடல் தரையைத் தொட்டாலும் தகடு 75 டிகிரியோடு நின்றுவிடும், திறந்த பரப்பில் ஒரு பங்கு போய்விடும். இதைவிட அடிக்கடி நடப்பது, டிரைவர் காலடியில் ஒரிஜினல் பாயின் மேல் இன்னொரு தடித்த ரப்பர் பாய் போட்டிருப்பது. பெடல் அதில் முட்டி நிற்கும். பாயை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கச் சொல்லுங்கள், தகடு இன்னும் கொஞ்சம் நிமிர்வதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். காசில்லாத ‘அப்கிரேட்’ இதுதான். கேபிளில் இருக்கும் இரண்டு நட்டைத் தளர்த்தி, பெடலைத் தொடாதபோது சில மில்லிமீட்டர் தளர்வு மட்டும் இருக்கும்படி வைத்து, நட்டை இறுக்குங்கள். தளர்வே இல்லாமல் விறைப்பாக வைத்தால் ஐடில் ஏறிவிடும்.

குழாய் கழன்றிருக்கும்போதே சுத்தம் செய்துவிடுங்கள். தகட்டைக் கையால் திறந்தால், அது சுவரைத் தொடும் இடத்தில், குறிப்பாக என்ஜின் பக்கமாக, கறுப்பு வளையம் படிந்திருக்கும். கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் புகைதான் அப்படிக் கட்டிப்போகிறது. த்ரோட்டல் பாடி கிளீனர் என்று டப்பாவில் எழுதியிருப்பதை வாங்குங்கள். துணியில் அடித்துத் துடையுங்கள், ஓரத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். ஐடில் வால்வு வாய்க்குள்ளும் தண்டின் இரு முனையிலும் நேராகப் பீய்ச்சாதீர்கள், அழுக்கு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். உப்புத்தாள் கூடவே கூடாது. படிவம் கெட்டியாக இருந்தால் முழு பாடியையும் கழற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீர்க் குழாய் அதில் இணைந்திருந்தால் என்ஜின் ஆறிய பின்பே கை வையுங்கள். கேஸ்கெட் புதிது போடுங்கள், போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். மரை போனால் 450 வெள்ளியும் பத்தாது. பேட்டரி நெகட்டிவைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டி, ஏர்கோன் இல்லாமல் ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள், பிறகு ஏர்கோன் போட்டு ஐந்து நிமிடம். முதல் நிமிடம் முரண்டு பிடித்துப் புகை விடும், பயப்பட வேண்டாம். சுத்தம் செய்வதால் குதிரைத்திறன் ஒன்றும் கூடாது. ஐடில் நிதானமாகும், பெடல் ஒட்டிக்கொண்டு கிளம்புவது நிற்கும்.

இனி உங்கள் மலைக்கு வருவோம். நான்கு பேரோடு மைவி சுமார் 1200 கிலோ. 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக 13 கிலோவாட் அளவில் சக்கரத்துக்கு வேண்டும். வளைவில் ஏற்றம் 12 மீட்டராகும்போது அது 18-ஐத் தொடும். ஏர்கோன் கம்ப்ரஸர் தன் பங்குக்கு ஒன்றிரண்டு கிலோவாட் தின்னும், கியர் பெட்டி கொஞ்சம் தின்னும். 2000 ஆர்பிஎம்மில் உங்கள் என்ஜின் முழுப் பெடலில் தரக்கூடியதே 20 கிலோவாட் சுற்றித்தான். வரவும் செலவும் சமமாகிவிட்டால் காடி எப்படி இழுக்கும்? இரண்டாம் கியருக்கு இறங்கி 3200-இல் வைத்தால் அதே என்ஜின் 39 கிலோவாட் தருகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரு காசு செலவில்லாமல். ‘என்ஜின் கத்துகிறதே’ என்று பலர் மூன்றாம் கியரிலேயே அழுத்திக்கொண்டு போகிறார்கள். 3500 ஆர்பிஎம் இந்த என்ஜினுக்குக் கத்தல் இல்லை. குறைந்த சுற்றில் முழுப் பெடலோடு திணறடிப்பதுதான் அதற்குக் கெடுதல், நாக்கிங்கும் (சிலிண்டருக்குள் தட்டும் சத்தம்) சூடும் அங்கேதான் வரும்.

இரண்டாம் கியரிலும் முன்பு ஏறியதுபோல் ஏறவில்லை என்றால் 190,000 கிலோமீட்டர் தன் வேலையைக் காட்டுகிறது. முதலில் கிளட்ச். சமதரையில் மூன்றாம் கியரில் 40 வேகத்தில் போய்க்கொண்டே பெடலைத் தரையோடு மிதியுங்கள். ஆர்பிஎம் முள் குதித்து, வேக முள் மெதுவாகவே ஏறினால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. ஏற்றம் முடிந்ததும் கருகிய நாற்றம் வருகிறதா என்றும் கவனியுங்கள். அடுத்து பிரேக். பத்து நிமிடம் ஓட்டி, முடிந்தவரை பிரேக் தொடாமல் நிறுத்தி, நான்கு ரிம்மின் நடுவிலும் சூட்டைப் பாருங்கள், இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் கேலிபர் பிஸ்டனோ ஹேண்ட்பிரேக் கேபிளோ இறுகியிருக்கிறது. பிறகு ஸ்பார்க் பிளக், காயில். அடுத்தது கம்ப்ரஷன்: த்ரோட்டலை முழுதாகத் திறந்து வைத்து அளக்கச் சொல்லுங்கள், சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. த்ரோட்டலை மூடிக்கொண்டே அளந்துவிட்டு ‘என்ஜின் போச்சு’ என்று சொல்லும் போமன்களும் இருக்கிறார்கள்.

இந்த என்ஜினில் தனியாகப் பார்க்க வேண்டியது டிவிவிடி, அதாவது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு. இன்டேக் கேமை முன்னும் பின்னும் திருப்புவது என்ஜின் எண்ணெயின் அழுத்தம்தான், அதை ஒரு சிறிய சோலினாய்ட் வால்வு ஆள்கிறது. எண்ணெய் மாற்றாமல் இழுத்தடித்த காடிகளில் அந்த வால்வு கசடில் சிக்கிக்கொள்ளும். கேம் ஒரே நிலையில் நின்றுவிட்டால் நடுச் சுற்றில் டார்க் காணாமல் போகும், நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே வரும். வால்வைக் கழற்றிக் கிளீனரில் கழுவி, 12 வோல்ட்டை ஒரு நொடி மட்டும் கொடுத்துப் பார்த்தால் உள்ளே தண்டு ‘டக்’ என்று நகர வேண்டும். நகரவில்லையா, மாற்றுங்கள். நகர்ந்தால் புதிய ஓ-ரிங்கோடு மாட்டுங்கள். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கிறதா என்பதற்கு முன் ஆக்ஸிஜன் சென்சார் துளையில் கேஜ் மாட்டி 2500 ஆர்பிஎம்மில் பார்க்கலாம். 10 கிலோபாஸ்கலுக்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

ரிம்மையும் டயரையும் பெரிதாக மாற்றியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வெளிவிட்டம் 5 விழுக்காடு கூடிய டயர் எல்லாக் கியரையும் 5 விழுக்காடு ‘நீளமாக்கி’விடும். த்ரோட்டல் பாடி தரும் அரை விழுக்காட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய த்ரோட்டல் பாடி விற்கும் இடத்தில் கூடவே திறந்த கூம்பு பில்டரையும் தள்ளிவிடுவார்கள். வாங்காதீர்கள். நம் ஊரில் வெளிக்காற்று 33 டிகிரி என்றால் ஜாமில் நிற்கும் காடியின் பானெட்டுக்குள் 55, 60 சர்வசாதாரணம். மூன்று டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1 விழுக்காடு குறையும். ஒரிஜினல் பெட்டி முன்னாலிருந்து இழுக்கும் காற்றை விட்டுவிட்டு என்ஜின் மேலிருக்கும் கொதிகாற்றை இழுத்தால் 7, 8 விழுக்காடு கண்முன்னே போய்விடும். சத்தம் மட்டும் நன்றாக வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால் குறைந்தபட்சம் இவற்றைப் பார்த்து வாங்குங்கள். பழைய பாடியையே கடைந்து பெரிதாக்கித் தருவதைவிட, பழைய காடிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் வேறு மாடலின் முழு பாடி கிடைத்தால் அதுவே மேல். கடைந்த பாடியில் சுவர் மெலிந்துவிடும், தகட்டின் ஓரக் கோணம் சரியாக அமையாமல் மூடும்போது சிக்கும். தகட்டைத் தண்டோடு பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்குரூக்களும் த்ரெட்லாக் பசையோடு, முனை நசுக்கப்பட்டு இருக்க வேண்டும். அதில் ஒன்று கழன்றால் போகும் ஒரே இடம் சிலிண்டர். போல்ட் துளைகளின் இடைவெளி, தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் பொசிஷன் சென்சார் திரும்பும் திசை, அதன் பிளக், ஐடில் வால்வின் வகை, கேபிள் சக்கரத்தின் அளவு, எல்லாம் பொருந்த வேண்டும். மேனிஃபோல்டின் வாய் 45 ஆக இருக்க, 50 மில்லிமீட்டர் பாடியை அதன்மேல் வைத்தால் உள்ளே ஒரு படி நிற்கும், வந்த அரை விழுக்காடும் அங்கேயே போயிற்று. வாயை அரைத்துச் சரிசெய்வதென்றால் மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்து அரைக்க வேண்டும். காடியில் வைத்தபடியே அரைத்தால் தூள் வால்வுக்குள் போகும்.

மாட்டியதும் மூடிய நிலையில் பொசிஷன் சென்சாரின் சிக்னல் பழைய பாடியில் காட்டிய வோல்ட்டேஜுக்கே வர வேண்டும், அதனால் கழற்றுவதற்கு முன்பே அளந்து எழுதி வையுங்கள். பல காடிகளில் அது அரை வோல்ட் அருகில் இருக்கும். கூடுதலாக இருந்தால் பெடலிலிருந்து கால் எடுத்துவிட்டதே என்ஜினின் கணினியான இசியூவுக்குத் தெரியாது. ஐடில் ஏறி இறங்கி ஆடும், இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்துவதும் நடக்காது. அதைச் சரிக்கட்ட தகட்டின் ஸ்டாப் ஸ்குரூவைத் திருகிவிடுவார்கள், விடாதீர்கள். கடைசியாக, என்ஜின் ஓடாதபோது பெடலை இருபது முறை முழுதாக மிதித்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் தகடு ‘டப்’ என்று தானாக மூட வேண்டும். ஒரே ஒரு முறை தயங்கினாலும் அந்தப் பாடியை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போகக் கூடாது.

பெரிய த்ரோட்டல் பாடிக்கு நியாயமான இடமும் உண்டு: கேம் மாற்றி 7500, 8000 வரை சுழலும் என்ஜின், கொள்ளளவு கூட்டியது, டர்போ ஏற்றியது. அங்கே காற்றோட்டம் ஒன்றரை, இரண்டு மடங்காகும், இழப்பு அதன் வர்க்கத்தில் ஏறும், கேஜ் முள்ளே வந்து சொல்லும். என்ஜினையே மாற்றுவதென்றால் ஜேபிஜே அனுமதியும் புஸ்பகோம் சோதனையும் உண்டு, அது வேறு கணக்கு.

உங்கள் தம்பியின் 2018 மைவியில் கேபிள் கிடையாது. பெடலில் இருப்பது சென்சார், தகட்டைத் திறப்பது மோட்டார். அந்தப் பெட்டி பெடல் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, 30 விழுக்காடு மிதித்ததை 50 என்று மாற்றிச் சொல்லும். நூறு மிதித்தால் நூறுதான். பெடல் மந்தமாக இருப்பது பிடிக்கவில்லை என்றால் வாங்கிக்கொள்ளட்டும், பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்பது ஒரு வசதி. மழையில் மலை வளைவுகளில் அதைச் சாதாரண நிலையில் வைக்கச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் அவருடைய காலடியிலும் இரண்டு பாய் கிடக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.